ஓவனில் ஒளித்த சாமான்

இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பாள் என்பார்களே, நான் பாய்கூடக் கேட்கவில்லை. சமையலறையில் சாமான் வைக்க ஒரு தட்டு கேட்டேன். அதற்கே ராதிகா அக்கா நாலு நாள் யோசித்தாள். பிறகு மிக்ஸிக்குப் பக்கத்தில் ஒரு முழம் இடத்தைக் காட்டி, "இது உனக்கு, உமா. எண்ணெய் மட்டும் வழியாமப் பாத்துக்க" என்றாள்.

துபாயில் சத்வா பகுதியில், தையல்கடைகளுக்கு மேலே, மூன்றாவது மாடி. இரண்டு படுக்கையறை. பெரியதில் ராதிகா அக்கா, அவள் கணவர் விஜயபாஸ்கர், மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் ஷ்ருதி. சின்னதில் நானும் என் வீட்டுக்காரர் வீரபாண்டியும். வாடகையில் பாதி எங்களுடையது. ஆனால் ஒப்பந்தத்தில் அவர்கள் பெயர் மட்டும்தான். உள்வாடகை கூடாது என்று கட்டடத்து ஆபீஸில் கறாராகச் சொல்லியிருக்கிறார்கள். தெரிந்தால் இரண்டு குடும்பமும் பெட்டி படுக்கையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். அதனால் லிஃப்டில் யாராவது கேட்டால் நான் ராதிகாவின் தங்கை, லீவுக்கு வந்திருக்கிறேன். இரண்டு வருடமாக லீவு.

ராதிகா அக்கா கெட்டவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொன்னால் யாரும் நம்ப மாட்டீர்கள். போன வாரம் நான் குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியபோது, என்னைத் தோளில் தாங்கி டாக்டரிடம் கூட்டிப் போனவள் அவள்தான். எலும்பு முறியவில்லை, ஆனால் கொஞ்ச நாளைக்குப் படி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தக் கணுக்காலைப் பார்க்க என் வீட்டுக்காரரோடு ஏசி வேலை பார்க்கிற ஆட்கள் வரிசையாக வந்தார்கள். உடம்புக்கு முடியாதவர்களைப் பார்க்க வெறுங்கையோடு வருவானா தமிழன்? ஆளுக்கொரு பை ஆப்பிள். கால் வீக்கத்துக்கும் ஆப்பிளுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்தால் பாலை எடுக்க முடியவில்லை, ஆப்பிள் உருண்டு காலில் விழுந்தது.

"இதை என்னடி பண்றது?" என்று அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றபோதுதான் ஷ்ருதி சொன்னாள், "ஆப்பிள் க்ரம்பிள் பண்ணும்மா. ஆட்டம்னா அதுதான் பண்ணுவாங்க. வார்மா இருக்கும்."

ஆட்டம் என்றால் இலையுதிர்காலம். துபாயில் அதற்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். அக்டோபரிலும் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வருகிறது. ஆனால் ஷ்ருதியின் பள்ளிக்கூடத்தில் அதைக் கொண்டாடுவார்கள். காகிதத்தில் ஆரஞ்சு நிற இலைகளை வெட்டிச் சுவரில் ஒட்டுவார்கள், ஏசியைக் கூட்டி வைத்துக்கொண்டு சூடாக எதையாவது சாப்பிடுவார்கள். போன வருடம் அந்த விழாவுக்கு அக்கா டப்பா நிறைய சேமியா கேசரி கொண்டுபோனாள். ஒருத்தரும் தொடவில்லை. திரும்பி வரும்போது ஷ்ருதி, "நெக்ஸ்ட் இயர் நீ வராத மம்மி" என்றாளாம். அதை என்னிடம் சொன்னபோது அக்காவின் குரல் உடைந்துவிட்டது. பெற்ற பிள்ளை தன்னைப் பார்த்து வெட்கப்படுகிறது என்றால் எந்தத் தாய்க்குத்தான் வலிக்காது?

இந்த வருடம் அந்தப் பெயரைத் துடைத்துவிட வேண்டும் என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். வகுப்பு அம்மாக்கள் மாதம் ஒருத்தி வீட்டில் கூடி டீ குடிப்பார்கள். இந்த மாதம் அக்காவின் முறை. சனிக்கிழமை நாலு மணிக்கு வாருங்கள், ஆட்டம் டீ, சூடான ஆப்பிள் க்ரம்பிள் என்று வாட்ஸப்பில் போட்டுவிட்டாள். போட்ட பிறகுதான் தெரிந்தது, வரப்போகிற மூன்று பேரில், ஷ்ருதியோடு படிக்கிற ஹானியின் அம்மா, உம்மு ஹானி என்கிற ஜோர்டான் பெண்ணின் கணவர் எங்கள் கட்டடத்து ஆபீஸில் வேலை பார்க்கிறார் என்று. அக்காவுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. கூப்பிட்டவர்களை வராதே என்று சொல்ல முடியுமா?

வெள்ளிக்கிழமை இரவு அவள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"உமா, நாளைக்கு அவங்க போற வரைக்கும் கதவைச் சாத்திட்டு உள்ளயே இருந்துக்க. கால் நல்லா இருந்தா பார்க்குக்குப் போன்னு சொல்லியிருப்பேன். என்ன ஆனாலும் வெளிய வராத. உன் சாமான் ஒண்ணும் கண்ணுல படக் கூடாது, ரெண்டு குக்கர் ரெண்டு எண்ணெய்ச் சட்டின்னு இருந்தா கண்டுபிடிச்சிருவாங்க."

"சரிக்கா."

"ஒருவேளை பாத்துட்டாங்கன்னா..." என்று நிறுத்தி, தரையைப் பார்த்துக்கொண்டு, "வேலைக்கு வர்றவன்னு சொல்லிடு. கோச்சுக்காத."

நான் பி.எஸ்சி. கணக்கு. அவள் மகளுக்குத் தினமும் வாய்ப்பாடு சொல்லித் தருகிறவள். ஆனால் கூரை போய்விடும் என்கிறபோது கணக்கு என்ன வேண்டிக்கிடக்கிறது? சரிக்கா என்று அதற்கும் சொன்னேன்.

சனிக்கிழமை காலை என் வீட்டுக்காரர் டியூட்டிக்குப் போய்விட்டார். விஜயபாஸ்கர் அண்ணனும் இல்லை. ஆப்பிளெல்லாம் நான்தான் தோல் சீவி, நறுக்கிக் கொடுத்தேன். அக்கா அதில் சர்க்கரையும் பட்டைத்தூளும் பிரட்டிக் கண்ணாடிப் பாத்திரத்தில் பரப்பி, மேலே மைதாவும் வெண்ணெயும் பிசிறி உதிர்த்தாள். பத்து தடவை வீடியோவைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். பிறகு குளிக்கப் போனாள்.

அந்த நேரத்தில்தான் நான் என் சாமானை ஒளிக்கக் கிளம்பினேன். என் அறையில் கட்டிலுக்கடியில் பெட்டிகள், எறும்பு போகக்கூட இடமில்லை. சமையலறையில் சுற்றிப் பார்த்தேன். அடுப்புக்குக் கீழே ஓவன் இருந்தது.

எங்கள் வீட்டு ஓவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டோடு வந்த கேஸ் அடுப்பு, அதற்குக் கீழே ஓவன். அதை யாரும் பற்ற வைத்து நான் பார்த்ததே இல்லை. நம்மவர்கள் எந்த வீட்டில் பற்ற வைத்திருக்கிறார்கள்? தோசைக்கல், ஆப்பச்சட்டி, பண்டிகைக்கு எடுக்கிற பெரிய வாணலி, எல்லாம் அதற்குள்தான். அது அடுப்பு இல்லை, கதவு வைத்த பரண். அன்றைக்குக் குனிந்து திறந்தால், உள்ளே ஒன்றுமே இல்லை. பளிச்சென்று துடைத்து வைத்திருந்தது.

எனக்காகத்தான் காலி பண்ணியிருக்கிறாள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். வாய் கடுமையாக இருந்தாலும் மனசு வைத்து இடம் ஒதுக்கியிருக்கிறாளே என்று கண் கலங்கிவிட்டது. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடுக்கினேன். பருப்பு டப்பாக்கள், பிளாஸ்டிக் கைப்பிடி வைத்த கரண்டிகள், என் வீட்டுக்காரரின் சாப்பாட்டு டப்பா, எல்லாவற்றுக்கும் முன்னால் அம்மா வறுத்து அரைத்து அனுப்பிய குழம்பு மிளகாய்த்தூள் ஒரு பெரிய பிளாஸ்டிக் ஜாடி நிறைய. கதவைச் சாத்தினேன். கண்ணாடியில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு, உள்ளே இருப்பது தெரியவில்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டு என் அறைக்குள் போய்த் தாழ் போட்டேன்.

நாலு மணிக்குப் பெல் அடித்தது. சிரிப்பு, சலாம், செருப்புச் சத்தம். உம்மு ஹானியின் குரல் கணீரென்று கேட்டது. சுவரில் ஒட்டிய காகித இலைகளை ஷ்ருதி ஆங்கிலத்தில் விளக்கினாள், எல்லோரும் ஆகா என்றார்கள். பிள்ளையின் குரலில் அப்படி ஒரு பெருமை. எனக்கே சந்தோஷமாக இருந்தது. அப்புறம் உம்மு ஹானி கேட்டாள், மூன்று பேருக்கு எவ்வளவு பெரிய வீடு, அந்த அறையில் என்ன என்று.

"ஸ்டோர் ரூம்" என்றாள் அக்கா.

சாக்குமூட்டை மாதிரி கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். இருமல் வந்தது. தலையணையில் வாயை வைத்து அழுத்தி இருமினேன்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா சொன்னது காதில் விழுந்தது. "ஓவன் ஆன் பண்ணிட்டேன். நல்லா ஹாட் ஆனதும் உள்ள வச்சிருவேன். சுடச்சுடச் சாப்பிடணும்."

கதவைத் திறந்து பார்க்காமலேயே பற்ற வைத்திருக்கிறாள்! சூடு என்றால் மைக்ரோவேவில் வைப்பாள் என்றல்லவா நினைத்தேன்! ஓவனைத் துடைத்து வைத்தது எனக்காக இல்லை, ஆப்பிளுக்காக. இது தெரியாமல் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேனே.

போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டேன். ஹாலில் மணி அடித்தது. கட் பண்ணினாள். மறுபடி கூப்பிட்டேன். மறுபடி கட். "பேங்க்காரங்க, லோன் வேணுமான்னு உயிரை எடுக்கிறாங்க" என்று அவர்களிடம் சொல்லிச் சிரித்தாள். ஓவன்ல சாமான் இருக்கு என்று மெசேஜ் அனுப்பினேன். பார்க்கவே இல்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள் போல.

தாழில் கை வைத்துக்கொண்டு நின்றேன். வெளியே போனால் கூரை போகும். போகாவிட்டால் ஓவன் எரியும். நான் போட்டிருந்ததோ சாயம் போன நைட்டி. இந்தக் கோலத்தில், நொண்டிக்கொண்டு, ஸ்டோர் ரூமிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தால் ஷ்ருதி முகம் என்னாகும்? இதெல்லாம் உண்மை. இன்னொன்றும் உண்மை. ஒரு மூச்சு நேரம், எரியட்டும் என்று நினைத்தேன். ஸ்டோர் ரூமா நான்? எரியட்டும்.

நெஞ்சில் அது ஓடி முடிவதற்குள் காற்றில் வாடை மாறிவிட்டது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது, பின்னாலேயே மிளகாய். ஒரு ஜாடி வறுத்த மிளகாய் தீயில் காந்தினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஹாலில் ஒருத்தி தும்மினாள், ஒருத்தி இருமினாள், அப்புறம் எல்லோருமே இருமினார்கள். நாற்காலி விழுந்தது. வராந்தாவில் நெருப்பு மணி அலறத் தொடங்கியது. ஐயோ வெளிய வாங்க, வெளிய வாங்க என்று அக்கா கத்தினாள்.

வாசல் கதவுக்கிட்டே நின்று உம்மு ஹானி கேட்டாள். ஆங்கிலத்தில்தான் கேட்டாள், ஆனால் எனக்குப் புரியாத ஆங்கிலமில்லை. "உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா?"

"நோ" என்றாள் ராதிகா அக்கா. "நோபடி."

"மம்மி, சித்தி உள்ள..." என்று ஷ்ருதியின் குரல் எழுந்தது, பாதியில் நின்றுபோனது. வாயைப் பொத்தினால்தான் அப்படி நிற்கும். கதவு சாத்தப்பட்டது.

நான் தாழைத் திறந்தேன். துப்பட்டாவைத் தண்ணீர்ப் பாட்டிலில் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துச் சமையலறைக்குப் போனேன். கண்ணைத் திறக்க முடியவில்லை. கேஸைத் தடவி அணைத்தேன். ஜன்னலைத் திறந்தேன். ஓவன் கதவைத் துணியால் பிடித்து இழுத்தேன். அம்மாவின் மிளகாய்த்தூள் கரியாகிப் புகைந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு டப்பாவின் மூடி உருகிக் கம்பியில் தொங்கியது. குடத்துத் தண்ணீரை எடுத்து வீசினேன், அடங்கியது. மேடைமேல் ஆப்பிள் க்ரம்பிள் மட்டும் உதிர்த்த மாவோடு அப்படியே இருந்தது.

இப்போது நான் திரும்ப என் அறைக்குள் போயிருக்கலாம். போய்த் தாழ் போட்டிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. நான் போகவில்லை. பார்க்கட்டும் என்று நின்றேன். நோபடி என்று சொன்னவளின் முகம் என்னைப் பார்த்ததும் எப்படிப் போகிறது என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

மணி ஓய்ந்ததும் கதவு திறந்தது. முதலில் வந்தவள் உம்மு ஹானி, மூக்கில் கைக்குட்டையோடு. பின்னால் அக்கா. அவளுக்குப் பின்னால் மற்ற இருவரும் ஷ்ருதியும்.

உம்மு ஹானி என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றாள். "நீ யார்? உள்ளேயா இருந்தாய்?" பிறகு மெதுவாகத் திரும்பினாள். "ராதிகா, யாரும் இல்லை என்றாயே?"

நான் பார்க்க வேண்டும் என்று நின்ற முகத்தைப் பார்த்தேன். ரத்தம் வற்றிப்போய் என்னையே பார்த்தது. காலில் விழுகிறவள் பார்க்கிற பார்வை. அதைப் பார்க்கவா நின்றேன் என்று ஆகிவிட்டது. என் வீறாப்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"ஐ ஆம் மெய்டு, மேடம்" என்றேன். "இப்பதான் வந்தேன். படிக்கட்டு வழியா."

யாரும் அதைச் சொல்லச் சொல்லி இப்போது கேட்கவில்லை. கேட்பதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

உம்மு ஹானி என் நைட்டியைப் பார்த்தாள், வீங்கிய வெறுங்காலைப் பார்த்தாள். நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து என் கையில் கொடுத்தாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது, மிளகாய் நெடி என்று துடைத்துக்கொண்டேன்.

"ஆமா, எங்க பார்ட் டைம் மெய்டு" என்றாள் அக்கா. குரல் திரும்பியிருந்தது. மற்ற இருவரில் ஒருத்தி ஓவனுக்குள் எட்டிப் பார்த்து, யார் இவ்வளவு பிளாஸ்டிக்கை இதற்குள் வைத்தது என்று கேட்டாள். அக்கா என்னைப் பார்த்தாள், அப்புறம் அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். "இவதான். இவங்களுக்கெல்லாம் ஓவன்னா என்னன்னு எங்க தெரியுது."

அது பொய்யுமில்லை. அதனால்தான் நெருப்பு மாதிரி சுட்டது.

"உமா, க்ளீன் திஸ். ஜல்தி."

இரண்டு வருடத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. நான் முட்டி போட்டு உட்கார்ந்து, உருகிய என் டப்பாக்களைச் சுரண்டினேன். அம்மாக்கள் அழுக்குத் தண்ணீர் படாமல் கால்களைத் தூக்கித் தூக்கி வைத்து நகர்ந்தார்கள். ஷ்ருதி காகித இலைகள் ஒட்டிய சுவரைப் பார்த்து நின்றாள். நான் கூப்பிட்டுவிடுவேனோ என்று பயந்தவள்போல என் பக்கம் திரும்பவே இல்லை. இன்னொரு நாள் டீ குடிக்கலாம் என்று சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பினார்கள்.

நான் அறைக்குள் போய்ப் படுத்தேன். அவள் ஓவனை உரசி உரசிக் கழுவுவது கேட்டது. வெகுநேரம் கழுவினாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு முழுக்க ஆப்பிள் வேகும் வாசனை. வெண்ணெயும் பட்டையும் சர்க்கரைப் பாகும். எனக்கோ மத்தியானத்திலிருந்து பச்சைத்தண்ணீர்தான். செத்தாலும் அதைத் தொடுவதில்லை என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

கதவு தட்டும் சத்தம். எப்போதும் உமா என்று கூப்பிட்டுக்கொண்டே தள்ளித் திறப்பவள், அன்றைக்குத் தட்டிவிட்டு நின்றாள். கையில் தட்டு, ஆவி பறந்தது.

"சூடா இருக்கு. சாப்பிடு."

வாங்கிக்கொண்டேன். அவள் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"ரெண்டு நிமிஷத்துல திரும்பி வந்திருப்பேன், உமா. அவங்களை லிஃப்ட்ல ஏத்திட்டு ஓடி வந்திருப்பேன். ஆபத்துக்குப் பாவமில்லன்னு..." கண் சிவந்து வீங்கியிருந்தது. "வீரபாண்டி அண்ணன்கிட்ட சொல்லிடாத. அவரு கோவக்காரரு, இப்பவே வீட்டைக் காலி பண்ணுன்னு நிப்பாரு."

வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். கேட்க வேண்டும் என்று படுத்துக்கொண்டே எத்தனையோ கேள்விகளைக் கோத்து வைத்திருந்தேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னால் நிச்சயம் காலி பண்ணுவார். பண்ணி எங்கே போவது? இந்த வாடகைக்கு வேறு எந்த வீட்டில், யாருடைய ஸ்டோர் ரூமில்?

"சொல்லலக்கா" என்றேன். சும்மா இருக்க முடியாமல் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தேன்.

நன்றாக இருந்தது. மேலே மொறுமொறுவென்று, உள்ளே ஆப்பிள் குழைந்து, தொண்டையெல்லாம் இதமாக இறங்கியது. இன்னொரு ஸ்பூன் எடுத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தும் தட்டைக் காலி பண்ணினேன். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று சும்மாவா சொன்னார்கள்? எனக்கு மானம் அன்றைக்கு இரண்டாவது முறை பறந்தது.

அக்காவின் இடுப்புக்குப் பின்னாலிருந்து ஷ்ருதி எட்டிப் பார்த்தாள். எப்போதும்போல ஓடி வந்து என் கட்டிலில் ஏறி உட்காராமல், தள்ளியே நின்றாள்.

"சித்தி, மண்டே ஸ்கூல்ல ஹானி கேட்பான். அவன்கிட்ட நீங்க எங்க மெய்டுன்னு சொல்லட்டுமா? இஸ் இட் ஓகே?"

அவள் கேட்டாள். அந்த வீட்டில் என்னைக் கேட்டது அவள் ஒருத்திதான். வேண்டாம் கண்ணு, சித்தின்னே சொல்லு என்று என் மனசு கத்தியது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயில் கடைசி ஆப்பிள் துண்டு இருந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு, பேசாமல், தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஓகே" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை ஓடிவிட்டாள். பாரம் இறங்கிய ஓட்டம்.

அக்கா தட்டை வாங்கக் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. சுவரைப் பிடித்து எழுந்தேன்.

"மெய்டு இருக்கறப்ப நீங்க தட்டு வாங்கக் கூடாதுக்கா" என்றேன். "நானே கழுவி வச்சிடறேன்."